கட்டைக்கும் கைராசி உண்டு

தண்ணீருக்கு வரிசை நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் மாத்திரைக்கு வரிசை நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் தலைக்குக் குளித்து, துவைத்த துணி உடுத்தி, கையில் காசோடு வந்து, குப்பைக்குள் கையை விடுவதற்காக வரிசை நின்றவர்களை எங்கள் தெருவில்தான் பார்த்தேன். அதுவும் சும்மா வரிசை இல்லை. "நான்தான் முன்னாடி வந்தேன்" என்று சண்டை போட்டுக்கொண்டு நின்ற வரிசை.

நான் இதே தெருவில் சலூன் வைத்திருக்கிறேன். எதிரே ஒரு காலி மனை. நாற்காலியில் உட்காருகிறவருக்குக் கண்ணாடியில் தன் முகம் தெரியும். அவர் பின்னால் நிற்கிற எனக்கு அதே கண்ணாடியில் அந்த மனை முழுவதும் தெரியும். நாள் முழுவதும் தலைகளைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புவது என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன், தலை எல்லாருக்கும் இருக்கிறது. வெளிப்பக்கத்துக்கு நான் பொறுப்பு. உட்பக்கத்துக்கு யார் பொறுப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கதை தக்காளியில் ஆரம்பித்தது. தக்காளி விலை ஏறியதும் எங்கள் தெருவுக்கு வீட்டுத்தோட்டப் பைத்தியம் பிடித்தது. மாடி, படிக்கட்டு, ஜன்னல் விளிம்பு, எங்கே பார்த்தாலும் பெயின்ட் வாளியும் ஓட்டைத் தகரமும். வாளி கிடைத்தது, விதை கிடைத்தது. மண்ணைப் பற்றி மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. மண் என்றால் மண்தானே என்று கிடைத்ததை அள்ளிப் போட்டார்கள். ஒரு வீட்டில் கட்டட வேலையில் மிஞ்சிய மண், பாதி சிமென்ட். ஒரு வீட்டில் வெறும் மணல், ஊற்றிய தண்ணீர் நிற்காமல் கீழ்வீட்டுக்காரர் தலையில் இறங்கியது. இன்னொரு வீட்டில் களிமண், காய்ந்ததும் வாளியோடு சேர்த்து ஒரே செங்கல் ஆகிவிட்டது. என் மனைவி வெறும் டீத்தூள் சக்கையை நிரப்பி மிளகாய் விதை போட்டாள். மிளகாய் வரவில்லை, எறும்பு வந்தது.

செடி செத்தால் மண்ணைப் பார்க்க வேண்டியதுதானே? பார்க்கவில்லை. அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். "நமக்குக் கைராசி இல்லைங்க" என்று பெருமூச்சு விட்டார்கள். சிமென்ட்டில் நட்டவருக்கும் கைராசி இல்லை, செங்கல்லில் நட்டவருக்கும் கைராசி இல்லை. இப்படி ஒரு தெருவே தன் கையை நொந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் சும்மா விடுவானா ஒருத்தன்? வந்து சேர்ந்தான் உரச்சாமி.

மண் நிறத்தில் வேட்டி, மண் நிறத்தில் தலைப்பாகை, மார்பு வரை தாடி. ஆளில்லாத காட்டில் பன்னிரண்டு வருடம் மண்ணுக்குள் கழுத்தளவு புதைந்து தவம் இருந்தாராம். நான் தாடியைத்தான் பார்த்தேன். கழுத்தோரம் மெஷின் போட்டு ஒதுக்கிய கோடு பளிச்சென்று தெரிந்தது. நல்ல கை. காட்டில் யார் அந்த சலூன்காரர் என்ற கேள்வி வாய் வரை வந்தது, மனைவி பக்கத்தில் இருந்ததால் விழுங்கிவிட்டேன்.

காலி மனையில் தகரக் கொட்டகை போட்டார்கள். அதற்குள் இடுப்பளவு உயரத்தில், கட்டில் இரண்டைச் சேர்த்துப் போட்டது போல நீளமாக ஓர் உரக் குவியல். மேலே தடித்த பழுப்புத் தார்ப்பாய். அந்தத் தார்ப்பாயில் மூன்று ஓட்டைகள்: நடுவில் ஒன்று, இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. விடியற்காலையில் நடு ஓட்டையிலிருந்து ஆவி எழும்பும். "பூமித்தாய் மூச்சு விடுகிறாள்" என்பார் உரச்சாமி. அவ்வளவுதான், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

வருகிறவரிடம் சாமி முதலில் அன்பாக விசாரிப்பார். என்ன தொழில், எத்தனை தொட்டி, மாடி சொந்தமா வாடகையா. பிறகு கண்ணை மூடி, ஏதோ முனகி, மூன்றில் ஓர் ஓட்டையைக் காட்டுவார். முழங்கை வரை கையை விட வேண்டும். உள்ளே சுட்டால், "பூமி உன் கையைப் பிடித்துக்கொண்டாள்" என்பார். அது ராசியான கை. சுடாவிட்டால், "உன் கையை உதறிவிட்டாள்" என்பார். அது குளிர்ந்த கை, ராசியில்லாத கை. சுட்ட கைக்காரர் பூரித்துப்போய் உரமூட்டை வாங்குவார். குளிர்ந்த கைக்காரர் அழுது, கை திறக்கும் பூசைக்குக் காசு கட்டி, அப்புறம் மூட்டை வாங்குவார். யாரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனதாக எனக்கு நினைவில்லை.

என் மனைவிக்குக் கை சுட்டது. தொலைந்தேன் நான். பூமித்தாய் பிடித்த கையால் பாத்திரம் தேய்க்கலாமா? கூடாதாம். அன்றிலிருந்து என் வீட்டுப் பாத்திரமெல்லாம் என் கைக்கு வந்தன. என் கைக்கு எந்த ராசியும் தேவைப்படவில்லை, நார் இருந்தால் போதும்.

சாமிக்கு ஒரு சிஷ்யன் உண்டு. வயது ஐம்பது இருக்கும், வாயே திறக்க மாட்டான். காலையில் கூட்டம் வருமுன் குழாயை இழுத்துவந்து குவியலின் இரண்டு கோடிகளையும் நன்றாக நனைப்பான். நடுவில் ஒரு சொட்டுப் படாது. மாலையில் ஒரு சாக்கோடு என் கடைக்கு வந்து தரையில் கிடக்கும் முடியைக் கூட்டிக் கொண்டுபோவான். எதற்கு என்று கேட்டால் மேலே கையைக் காட்டுவான். கடவுளுக்கு முடி எதற்கு என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கூட்டுகிற வேலை மிச்சம்.

உரமூட்டை சூடாகவே வீட்டுக்குப் போனது. குழந்தையை அணைப்பதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு போனார்கள். தொட்டிகளில் அப்படியே கொட்டினார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, இலையெல்லாம் ஓரம் கருகி, தண்டு துவண்டு தலையைத் தொங்கப்போட்டது. என் மனைவியின் புது மிளகாய்க் கன்று காலையில் நின்றது, மாலையில் படுத்தது. எல்லாரும் கொட்டகைக்கு ஓடினார்கள். "தெருவில் யாரோ ஒருத்தர் கண் படுது. விசாரிக்கிறேன்" என்றார் சாமி, துப்பறியும் அதிகாரி போல.

இந்த இடத்தில் தையல்காரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கடைக்கு அடுத்த வீடு. கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். ஜன்னலோரம் மெஷின் போட்டுத் தைப்பது இந்த அம்மாதான். கல்யாணத் துணி என்றால் அக்கம்பக்கத்தில் இவர் பெயர்தான் சொல்வார்கள். அதிர்ந்து பேசாத பெண். வாசல் படியிலிருந்து மாடி வரை ஓட்டைத் தகரங்களில் இவர் வளர்க்கும் செடிகளைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். தக்காளி குச்சி ஒடியக் காய்க்கும், ரோஜா எட்டிப்பார்த்துப் போகிறவர் சட்டையைப் பிடிக்கும்.

ஒரு நாள் என் மனைவி கருகிய கன்றை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் காட்டியிருக்கிறாள். அந்த அம்மா தொட்டி மண்ணைக் கிளறி, முகர்ந்து பார்த்தாராம். தன் வீட்டுப் பின்பக்கம் ஓட்டை போட்ட பீப்பாயிலிருந்து ஒரு பிடி உரம் எடுத்துக் காட்டினாராம். காய்கறித் தோலும் சருகும் போட்டு, மாதக்கணக்கில் மக்கவிட்டு, டீத்தூள் மாதிரி கறுத்து உதிர்ந்த உரம். தொட்டால் ஜில்லென்று இருந்ததாம்.

"சாமி குடுத்தது இன்னும் மக்கவே இல்லைங்க," என்று சொல்லியிருக்கிறார். "மக்கிட்டே இருக்கிறப்பதான் சூடு இருக்கும். அடங்கினதுக்கு அப்புறம் போடணும். இப்பவே போட்டா வேர் வெந்துடும், பாவம்."

என் மனைவி நல்லவள், எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டாள். அன்றைக்கே அது கொட்டகை வரை போய்ச் சேர்ந்தது.

மறுநாளே தையல்காரம்மாவைக் கூட்டிவரச் சொல்லி உத்தரவு. அவருக்குப் போக விருப்பமில்லை. தெருப் பெண்கள் விடவில்லை, கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போனார்கள். நான் ஒருவருக்கு ஒரு பக்கம் மீசை ஒதுக்கி முடித்திருந்தேன். மறுபக்கத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். அவரும் அரை மீசையோடு பின்னாலேயே வந்தார்.

சாமி இந்த அம்மாவிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. நேராகக் கோடி ஓட்டையைக் காட்டினார். அந்த அம்மா கையை விட்டார், எடுத்தார். ஈர மண் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். சாமி கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"குளிர்ந்த கைன்னா கூடப் பரவாயில்லை. இது குடிக்கிற கை. மத்தவங்க மண்ணுல இருக்கிற உயிரை இழுத்துக் குடிக்குது. உங்க செடி ஏன் கருகுது, இவ செடி மட்டும் ஏன் தழையுதுன்னு இப்பப் புரியுதா?"

புரிந்துவிட்டதாம் எல்லாருக்கும். முந்தின நாள் உரத்தைப் பற்றித் தையல்காரம்மா சொன்னது ஒருத்தருக்கும் புரியவில்லை. இது ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

அதோடு போயிருந்தால் நான் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே முடித்திருப்பேன். அன்று மாலை மாடிவீட்டு அம்மா வந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, துணியெல்லாம் தையல்காரம்மாவிடம்தான் இருந்தது. பாதி வெட்டியாகிவிட்டது. "தப்பா நினைக்காதீங்க, நல்ல காரியம் பாருங்க, குடிக்கிற கையால தைச்சதுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதில்லையா" என்று சொல்லி, வெட்டின துண்டையும் வெட்டாத துணியையும் ஒன்றாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்து வாங்கிப் போனார்கள். பால் ஊற்ற வந்த பெண்கூட மீதிச் சில்லறையைத் தையல்காரம்மா கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜன்னலோரத்து மெஷின் சத்தம் நின்றுபோனது. வருடக்கணக்காகக் கேட்ட சத்தம் நின்றால் காது அடைத்த மாதிரி இருக்கும். எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். செடி வாடினால் வேறு செடி வைக்கலாம். கையை நம்பிப் பிழைக்கிறவளுக்கு அவள் கையைப் பற்றியே சந்தேகம் வரவைத்துவிட்டானே படுபாவி என்று எனக்கு வயிறு எரிந்தது.

லாரிக்காரருக்கு ஒரு தங்கை. இரண்டு தெரு தள்ளி பேக்கரி வைத்திருக்கிறாள். வாய் என்றால் வாய், அவள் அடுப்பை விட அது சூடு. தையல்காரம்மாவுக்கு நாத்தனார், இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணி கொடுத்த காபியில் சர்க்கரை குறைவு என்று ஆரம்பித்தால் கல்யாணத்தில் நடந்தது வரை போய்த்தான் நிறுத்துவாள். விஷயம் கேள்விப்பட்டு, கையில் ஒட்டின மாவைக்கூடக் கழுவாமல் நேராக என் கடைக்குள் வந்து நின்றாள்.

"என் அண்ணியைத் திட்ட எனக்கு உரிமை இருக்கு, திட்டுறேன். அந்தத் தாடிக்காரனுக்கு யாரு குடுத்தா அந்த உரிமையை?" என்றாள். நாற்காலியில் இருந்தவர் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

முதலில் அவள் நேர்வழியில்தான் போனாள். இரண்டு டீ தம்ளர். ஒன்றில் சாமியின் சூடான உரம், ஒன்றில் அண்ணியின் ஆறின உரம். இரண்டிலும் ஒரே பொட்டலத்துப் பயறு. என் கடை ஜன்னலில், முடி வெட்ட வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள். அண்ணியின் தம்ளரில் பயறு முளைத்து இரண்டு இலை விட்டு ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டியது. சாமியின் தம்ளரில் பயறு அழுகி, கடையே நாறியது. இதற்கு மேல் என்ன வேண்டும்? கண்முன்னால் நடந்தது.

பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒருவர், தம்ளர் வைத்த திசை சரியில்லை என்றார். ஒருவர், முடி விழுகிற இடத்தில் தெய்வீகம் நிற்காது என்றார். என் மனைவி, "பார்த்தீங்களா, பக்கத்துத் தம்ளர் இந்தத் தம்ளரைக் குடிச்சிடுச்சு" என்றாள். பேக்கரிக்காரி என்னைப் பார்த்தாள், நான் கத்தரிக்கோலைப் பார்த்தேன்.

"அண்ணே, நீங்க நாள் பூரா அந்தக் கொட்டகையைக் கண்ணாடியில பார்க்கிறீங்களே, என்ன பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

நான் பார்த்ததைச் சொன்னேன். சிஷ்யன் கோடிகளை மட்டும் நனைப்பது, நடுவை விடுவது, சாமி விசாரித்துவிட்டு ஓட்டையைக் காட்டுவது, நிறைய தொட்டி வைத்திருக்கிறவரை நடுவுக்கும், எதிர்த்துக் கேட்கிறவரைக் கோடிக்கும் அனுப்புவது. சொல்லச் சொல்ல எனக்கே, இவ்வளவு நாள் இதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தோமே என்று சுருக்கென்றது. அவளுக்கு வந்த கோபமெல்லாம் எங்கேயோ போய், முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே உரச்சாமிக்காக ஒரு கணம் பரிதாபப்பட்டேன். ஒரு கணம்தான்.

அடுத்த விடுமுறை நாள். தெருவே வரிசையில் நின்றது. பேக்கரிக்காரி முழுக்கைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். வலது கை, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வெள்ளைத் துணிக் கட்டு. அவள் யார் என்று சாமிக்குத் தெரியாது. கூட்டத்துக்குத் தெரியும், ஆனால் நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்பதும் தெரியும் என்பதால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. சாமி விசாரித்தார். பேக்கரி மாடி முழுவதும் தோட்டம் போடப் போவதாகவும், மூட்டை ஒரு வண்டி தேவைப்படும் என்றும் அவள் சொன்னாள். சாமியின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"கையில அடுப்பு பட்டுடுச்சு சாமி, கட்டுப் போட்டிருக்கேன். பரவாயில்லையா?"

"தாய்க்குப் பிள்ளை கையில கட்டு இருந்தா தெரியாதா?" என்று சொல்லி நடு ஓட்டையைக் காட்டினார்.

அவள் கையை முழங்கை வரை விட்டாள். சுடுகிறதா என்று கேட்டார் சாமி. எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டாள். பணிவு அவளுக்குப் புதிது, குரல் கொஞ்சம் நடுங்கியது. சாமி அதை பக்தி என்று எடுத்துக்கொண்டார். கண்ணை மூடினார், ஆடினார், தலைப்பாகை நழுவ நழுவப் பிடித்துக்கொண்டார்.

"பிடிச்சுட்டா! கெட்டியாப் பிடிச்சுட்டா. இந்தக் கையில ரத்தம் ஓடுற சத்தம் எனக்கே கேட்குது. இந்த மாதிரி கையை இந்தத் தெருவுல நான் பார்த்ததில்லை. இந்தக் கை தொட்டா காய்ஞ்ச கட்டையும் துளிர்க்கும்."

கூட்டம் கைகூப்பியது. அவள் கையை வெளியே எடுத்தாள். நிதானமாகக் கட்டுத்துணியை அவிழ்த்தாள். துணி சுற்றுச் சுற்றாகக் கீழே விழுந்தது. உள்ளே இருந்தது பேக்கரியில் மாவு தேய்க்கும் கட்டை. அவளுடைய நிஜக் கை கோட்டுக் கைக்குள் அந்தக் கட்டையின் பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"துளிர்க்குமா சாமி?" என்று கட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்டாள். "எத்தனை நாள் ஆகும்? எங்க அப்பா காலத்துக் கட்டை இது."

அரை மீசைக்காரர், அதற்குள் முழு மீசையாகியிருந்தார், அவர்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு பரவும் நேரத்தில் ஒரு குரல் எழுந்தது. வேறு யார், என் மனைவிதான்.

"கட்டையைப் பிடிச்சது அவ கைதானே? ராசி கை வழியா கட்டைக்கு இறங்கியிருக்கும்."

சாமி அந்தக் கயிற்றைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "கேட்டுக்கோங்க, அந்தம்மாவுக்கு இருக்கிற ஞானம்" என்றார். கூட்டம் மறுபடியும் கைகூப்பத் தயாரானது. நம் ஜனங்களுக்கு ஏமாறுவதற்கு ஒரு காரணம் கிடைக்காவிட்டால், நாமே தேடிக் கொடுத்துவிடுவோம்.

ஆனால் பேக்கரிக்காரி பாதியில் விடுகிறவள் இல்லை. கோட்டுப் பையிலிருந்து நீளமான ஊசி வைத்த தெர்மாமீட்டரை எடுத்தாள். ரொட்டி உள்ளே வெந்ததா என்று பார்க்கக் குத்துவது. நடு ஓட்டையில் விட்டாள், முள் விறுவிறுவென்று ஏறியது. கோடி ஓட்டையில் விட்டாள், முள் தொங்கிக்கொண்டு கீழே வந்து படுத்துவிட்டது. "இதுக்கு ராசி இருக்கா, இல்லையா சாமி? ஒரே ஊசி. நடுவுல ராசிக்காரி, ஓரத்துல குளிர்ந்தவளா?" என்று கேட்டுவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். மாவு பிசைந்து மூடி வைத்தால் புளிக்கும்போது வெதுவெதுப்பாக இருப்பதில்லையா என்று கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத கிருமி தின்கிறது, தின்றால் சூடு வரும், குப்பையும் அப்படித்தான் என்றாள். நடுவில் சூடு தங்கும், ஓரத்தில் காற்றுப்பட்டுப் போய்விடும், போதாததற்கு இந்த மனுஷன் குழாயைப் பிடித்து நனைத்துவிடுகிறான் என்று சிஷ்யனைக் காட்டினாள். சிஷ்யன் மேலே கையைக் காட்டினான். பழக்க தோஷம்.

கூட்டத்திலிருந்து மாடிவீட்டு அம்மா முன்னால் வந்தார். கல்யாணத் துணியைச் சுருட்டிக்கொண்டு போனாரே, அவர்தான். அவருக்கு முதல் நாளே கை குளிர்ந்துவிட்டது. கை திறக்கும் பூசை இரண்டு முறை செய்தும் திறக்கவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற நேரத்தில் தன் கை இப்படியா என்று உள்ளுக்குள் நொந்துபோயிருந்தவர். ஒருவரையும் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நடு ஓட்டையில் கையை விட்டார். "ஐயோ, சுடுதே" என்று உடனே எடுத்தார். பிறகு கோடி ஓட்டையில் விட்டார். கையை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் சாமியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் சாமியாக இருந்திருந்தால் அப்போதே ஓடியிருப்பேன்.

"தையல்காரம்மாவைக் கூப்பிடுங்க" என்றார்.

கூப்பிடத் தேவையில்லை. கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாத்தனார் போய் அண்ணியின் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். அந்த இரண்டு பேரும் கைகோத்து நான் பார்த்தது அன்றுதான். தையல்காரம்மா நடு ஓட்டையில் கையை விட்டார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். வெளியே எடுத்தபோது கை சிவந்து, அதிலிருந்து மெல்ல ஆவி பறந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண் கலங்கியது, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

இதற்கு மேல் எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "சாமி, உங்க கையையும் ஒரு தடவை வைங்களேன், பார்ப்போம்" என்றேன். அவர் வீறாப்பாக நடு ஓட்டையை நோக்கி நடந்தார். "அங்கே இல்லை சாமி, ஓரத்துல" என்று கூட்டமே சேர்ந்து சொன்னது. அவர் அசையவில்லை. நாலு பேர் அன்போடு அழைத்துக்கொண்டுபோய்க் கையை உள்ளே விட்டு எடுத்தார்கள். ஜில்லென்று ஈரம் சொட்டியது. பன்னிரண்டு வருடம் மண்ணுக்குள் இருந்தவரைப் பூமித்தாய் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

யாரோ தார்ப்பாயை இழுத்தார்கள். அழுகல் காய்கறி, சாணி, வைக்கோல், மரத்தூள், எல்லாம் பாதி மக்கியும் மக்காமலும். இடையிடையே கறுப்பும் நரையுமாய்க் கொத்துக் கொத்தாக முடி. என் கடை முடி. அந்தத் தெருக்காரர்களின் தலையிலிருந்து நான் வெட்டித் தள்ளிய முடி. அதற்கு முன்னால்தான் இத்தனை நாளும் அவர்கள் வரிசையில் நின்று கும்பிட்டிருக்கிறார்கள், காசு கொடுத்து மூட்டை மூட்டையாக வீட்டுக்கும் எடுத்துப்போயிருக்கிறார்கள். தலைக்குள் ஏறாத சூடு, தலையைவிட்டு இறங்கின முடிக்கு ஏறியிருக்கிறது.

சாமி அந்தக் கலவரத்தில் நழுவப் பார்த்தார், முடியவில்லை. வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலைப்பாகையை விட்டுவிட்டுப் போனார். தலைப்பாகை இல்லாமல் பார்த்தால் நல்ல அடர்த்தியான முடி, பக்கவாட்டில் சமீபத்தில் வெட்டியது. சிஷ்யன் மட்டும் போகுமுன் குழாயைச் சுருட்டி ஒழுங்காக வைத்துவிட்டுப் போனான், நல்ல வேலைக்காரன்.

மாலையில் மாடிவீட்டு அம்மா துணிச் சுருளோடு தையல்காரம்மா வீட்டுக்கு வந்தார். வாசல்படி ஏறாமல் நின்றார். நாத்தனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அண்ணி ஒரு பார்வை பார்த்தார், அவள் மூடிக்கொண்டாள். அதுவும் நான் அன்றுதான் பார்த்தேன்.

"வெட்டின துண்டையெல்லாம் கலந்து சுருட்டிட்டீங்க," என்றார் தையல்காரம்மா. "பிரிச்சு எடுக்கவே நேரமாகும். வாங்க, உட்கார்ந்து நீங்களே பிரிச்சுக் குடுங்க. கை சும்மாதானே இருக்கு."

அந்த அம்மா உட்கார்ந்து பிரித்தார். கொஞ்ச நேரத்தில் மெஷின் சத்தம் கேட்டது. நாற்காலியில் இருந்தவர், ஏன் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லித் தொடர்ந்தேன்.

குவியல் மட்டும் மனையிலேயே கிடந்தது. அள்ளி எறியலாம் என்றார்கள். தையல்காரம்மா வேண்டாம் என்றார். அவ்வப்போது நாலு பேராகச் சேர்ந்து அதைப் புரட்டிப் போட்டார்கள், மூடி வைத்தார்கள். மழை வந்து போனது. ஒரு நாள் கையை விட்டுப் பார்த்தால் நடுவும் ஜில்லென்றிருந்தது, ஓரமும் ஜில்லென்றிருந்தது. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் பிடிக்கு நின்றது, விரலால் தட்டினால் உதிர்ந்தது, முகர்ந்தால் முதல் மழை வாசனை. சிமென்ட் மண்ணையும் செங்கல்லையும் கொட்டிவிட்டு, நல்ல மண்ணோடு இதைக் கலந்து ஆளுக்கு ஒரு வாளி எடுத்துப்போனார்கள். உரச்சாமி எங்கள் தெருவுக்குச் செய்த ஒரே நல்ல காரியம், அவர் போன பிறகு நடந்தது.

இப்போது என் மனைவியின் மிளகாய் காய்க்கிறது. "எல்லாம் என் கைராசி" என்று போனவாரம் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன், வாயைத் திறக்கவில்லை.

கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும் சொல்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு பிடி மண்ணைக்கூட இறுக்கிப் பார்த்து, உதிர்த்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்கக் கற்றுக்கொண்டீர்கள். அடுத்த தாடிக்காரன் வாயிலிருந்து வருவதையும் அதே மாதிரி சோதித்துப் பார்த்து வாங்குங்கள். முடி தானாக வளரும், வெட்ட நான் இருக்கிறேன். அதற்குக் கீழே இருப்பது தானாக வளராது. அதற்கு உரம் நீங்கள்தான் போட வேண்டும்.